ஹெட்போனில் கேட்ட நாலு வரி

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் பாட்டுக்கார அண்ணையின் மூச்சு என் காதுக்குள்ளேயே இருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் அவர் சிரமப்பட்டு இழுத்த மூச்சு. உரும்பிராயில் அன்று மைதானம் நிறைந்த சனம். அவர்களில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. கேட்காமல் செய்தவன் நான்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றில் முப்பது வருடங்களாக வேலை செய்கிறேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் இருப்பவனை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதாலேயே இந்த வேலை பிடித்துப்போனது. பாட்டுக்கார அண்ணை தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவருடைய கசெற் போடாத கலியாண வீடு இல்லை. அதிலும் அந்த பஸ் பாட்டு. தான் விரும்பும் பெண்ணோடு சேர்ந்து நடப்பதற்காக, வருகிற பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு நிற்கும் ஒருவனின் பாட்டு அது. அந்தப் பெண்ணைத்தான் அண்ணை பிறகு கட்டினார். போன வருடம் அந்த மனைவி இறந்துவிட்டார்.

லண்டனிலிருந்து வந்திருந்த ஒருவர்தான் அண்ணைக்குக் கௌரவிப்பு விழா எடுத்தார். வாத்தியக்காரர் இல்லை. பழைய பாட்டுகளில் குரலையும் இசையையும் கணினியில் தனித்தனியாகப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார். இசையை நாங்கள் போட, அண்ணை பாடுவது என்று ஏற்பாடு.

விழாவன்று மத்தியானம் மைக் சரிபார்க்க வந்த அண்ணை, எங்கள் ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார்.

"உன்ரை பொக்ஸுக்கும் என்ரை தொண்டைக்கும் ஒரே வயசு போலை கிடக்கு."

"பொக்ஸ் திருத்தினது அண்ணை."

"அப்ப அது என்னைவிடத் திறம்."

இரண்டு வரி பாடினார். மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கிட்ட வந்து, "தம்பி, பஸ் பாட்டின்ரை கடைசி அடி நாலு வரியையும் மாத்திப் போட்டன். அவ போன பிறகு எழுதினது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த இடத்திலை குரலைக் கொஞ்சம் தூக்கி விடு," என்றார். ஓம் என்றேன்.

அவர் போனதும் லண்டன்காரர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "பாவம் மனுசன். சனத்துக்கு முன்னாலை குரல் உடைஞ்சால் தாங்கமாட்டார். வெளிப் பொக்ஸுக்குப் பழைய குரலை விடும். அவருக்கு முன்னாலை இருக்கிற சின்னப் பொக்ஸிலை மட்டும் அவரின்ரை இப்பத்தைக் குரல் போகட்டும். காதும் மந்தம்தானே, தெரியாது." அவர் கெட்ட மனிதர் அல்ல, சொல்லும்போது கண் கலங்கியிருந்தார். புதிய அடியைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

பின்னேரம் விழா தொடங்கியது. அண்ணையின் இளவயதுக் குரல் மைதானம் எங்கும் போனது. சனம் சேர்ந்து பாடியது, கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் அழுதார். என் ஹெட்போனில் மட்டும் மேடையில் நின்ற கிழவர் பாடிக்கொண்டிருந்தார். சுருதி சில இடங்களில் விலகியது. ஆனால் ஒரு சொல்லையும் அவர் சும்மா விடவில்லை. கடைசியில் பஸ் பாட்டு வந்தது. கடைசி அடியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

*பஸ்ஸும் வந்து நிக்குதடி
பக்கத்துச் சீட்டு வெறுஞ்சீட்டு
இறங்கி நடக்கக் காலில்லை
எந்தத் தெருவால் நீ போனாய்*

வெளியே பழைய குரல் பழைய அடியைப் பாடிக்கொண்டிருந்தது. அதை இறக்கி, இவர் குரலை ஏற்ற ஒரு விரல் போதும். விரலை வைத்தேன். ஏற்றினால் அதுவரை ஒலித்தது அவர் குரல் அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவருக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் லண்டன்காரர் நின்றார். நாலு வரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும். முடிந்துவிட்டது.

பொன்னாடையோடு அண்ணை இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"அந்த அடி எப்பிடி?"

"நல்லா இருந்தது அண்ணை."

"சனம் ஒண்டும் அசையேல்லையே. பழசுக்கு அடிக்கிற மாதிரித்தான் கை தட்டினதுகள்." பிறகு தானே சிரித்தார். "உதுகளுக்குப் போகப் போகத்தான் விளங்கும்."

இரண்டு கிழமை கழித்து விழா வீடியோவை யூடியூப்பில் போட்டார்கள். அடுத்த நாள் காலை அண்ணையின் அழைப்பு வந்தது. குரலில் பயம் இருந்தது.

"தம்பி, வீடியோவிலை பழைய அடியெல்லோ கிடக்கு. நான் புதுசை மறந்து பழசைப் பாடிட்டனோ? புதுசு பாடினதாத்தான் எனக்கு நினைவு. இப்ப எதை நம்புறதெண்டு தெரியேல்லை. மகள் டொக்டரிட்டைக் காட்டுவம் எண்டுறாள்."

மறந்துவிட்டீர்கள் என்று சொன்னால் அவர் தன் மூளையை நம்பமாட்டார். உண்மையைச் சொன்னால் தன் குரலை நம்பமாட்டார். சொல்வதற்கு மூன்றாவதாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

"நீங்கள் புதுசைத்தான் பாடினியள் அண்ணை. நான் கேட்டனான்."

"அப்ப இது?"

எத்தனையோ மேடை கண்டவர். வெளியே பழைய குரலை விட்டிருக்கிறோம் என்று விளங்கிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"எந்தப் பாட்டிலை இருந்து?"

"முதல் பாட்டிலை இருந்து."

போன் வைக்கப்படவில்லை. அந்த மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, மேடையில் நின்று சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிற அதே பணிவோடு சொன்னார்:

"மறந்திட்டன் எண்டே சொல்லியிருக்கலாமே, தம்பி."