சஹரின் பசி

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் தையல் பிரிவில் சஹர் அளவுக்கு வேகமாக மிஷின் ஓட்டுகிறவர்கள் குறைவு. முப்பது வயதை ஒட்டி அவளுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மிஷின் இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ அவளை அசிங்கமாகத் திட்டினார்கள். ஒருநாள் கத்திரிக்கோலை வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். அண்ணன் தபரேஸ் வேலூருக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினான். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் குரல்கள் ஓய்ந்தன.

ஆனால் பசி பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த சோறு நினைவுக்கு வரும். பழைய சல்வார் ஒன்றுகூடப் பற்றவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் கோதண்டராமன் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“இன்னாம்மா, பிரியாணி கடையிலயே குடியிருந்தியா? ஸ்டூல் ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?”

பிரிவே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று சஹர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வீட்டில் தபரேஸ் சமையலறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டான். “நாக்கை அடக்கத் தெரியல உனக்கு. அக்கம்பக்கத்துல சிரிக்கிறாங்க” என்றான்.

மறுநாளிலிருந்து அவள் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, சாக்கடையில் துப்பினாள். பசி குறைந்தது. கூடவே குரல்கள் திரும்பின. இந்த முறை அவை தபரேஸின் குரலிலேயே திட்டின. ஒரு மத்தியானம் அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தாள். தடுக்க வந்த அண்ணன் அவள் கன்னத்தில் அறைந்தான்.

மறுபடி வேலூர். “திங்கறதுக்குப் பூட்டையே உடைக்கிறா, அளவே இல்ல மேடம்” என்று முறையிட்டான் தபரேஸ்.

மருத்துவர் அவனை விட்டுவிட்டு சஹரைப் பார்த்துப் பேசினார். “குரலை அடக்குற மாத்திரை, மூளையில பசியைப் பார்த்துக்கிற இடத்தையும் தொடுது. வயிறு ரொம்பிடுச்சின்னு உடம்பு சொல்றது அங்க சரியா எட்டுறதில்ல. மூளை இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கும். இதுல உங்க தப்பு எதுவும் இல்லம்மா.”

“இதை மொதல்லியே ஏன் சொல்லல?” சஹர் சீறினாள்.

“உங்க அண்ணன்கிட்ட சொன்னோமே. எடை ஏறினா உடனே கூட்டிட்டு வாங்கன்னு. உங்ககிட்டயும் சொல்லியிருக்கணும். அது எங்க தப்பு.”

தபரேஸ் தரையைப் பார்த்தான். “சொன்னா நீ மாத்திரையே போட மாட்டியோன்னு பயந்தேன்” என்றான்.

வேறு மாத்திரைக்குப் படிப்படியாக மாற்றினார்கள். குரல்கள் மீண்டும் அடங்கின. பசி மட்டுப்பட்டது. ஏறிய எடையில் கொஞ்சம்தான் இறங்கியது. அதன்பிறகு மருத்துவமனைக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்தாள்.

பெருநாளன்று தபரேஸ் அவள் அருகில் வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். “மாஃப் பண்ணிடு சஹர்.”

“தெரியாம பூட்டியிருந்தா பண்ணியிருப்பேன். உனக்குத் தெரியும்.”

அந்த வாரமே கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பிடித்துக் குடிபோனாள். பெட்டியைத் தூக்க வந்த அண்ணனின் கையைத் தட்டிவிட்டு, ஆட்டோவில் தானே ஏற்றினாள்.