கரண்ட் போனால் அக்கா வேண்டும்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் அக்கா என்று பெயர். தடுப்பூசி வைத்திருக்கும் குளிர் அறையில் சூடு ஏறினால் நர்ஸ்களின் போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியதுதான். கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஓடிவந்து அவளே கையால் அதை ஓட்டிவிடுவாள். லீவு என்று ஒன்றை எடுத்திருந்தால்தானே வேறு வழி யோசித்திருப்பாள்!

இப்போது யோசித்தே ஆகவேண்டும். நாளைக் காலை வெளியூரில் அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். "நீ வேலையப் பாரு, எனக்கென்ன," என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை.

கரண்ட் வந்து சர்வர் கம்ப்யூட்டர் எழுந்ததும் மற்ற புரோகிராம்களைத் தானே எழுப்பிவிட, அதற்குள்ளேயே சர்வீஸ் மேனேஜர் என்று ஒரு புரோகிராம் உண்டு. அதனிடம் ஒப்படைத்தால், கையால் ஓட்டும்போது சமர்த்தாக ஓடிய அவள் புரோகிராம் எழுந்த வேகத்தில் விழுந்தது. 'அமைப்புக் கோப்பு இல்லை' என்று ஒரே புலம்பல். இல்லையாம்! நர்ஸ்களின் நம்பரெல்லாம் எழுதிவைத்த அந்தக் கோப்பு அவள் கண்ணெதிரே குத்துக்கல் மாதிரி இருந்தது. அனுமதி, பாஸ்வேர்ட் எல்லாம் பார்த்தாயிற்று.

"ரெண்டு நாள் கழிச்சுப் போங்களேன்," என்றார் ஆஸ்பத்திரி மேலாளர், ஆபரேஷன் இவளுக்காகக் காத்திருக்கும் என்பதுபோல.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து கணவர் போன் செய்தார். "உங்கம்மா ஸ்கேன எங்க வெச்ச?"

"மேல் தட்டுலதாங்க, இடது பக்கம்."

"எந்த மேல் தட்டு? நீ பீரோ முன்னாடி நிக்கிற மாதிரி சொல்ற. நான் கிச்சன்ல நிக்கிறேன்."

எரிச்சலோடு விளக்கத் தொடங்கியவள் பாதியில் நின்றாள். அடக் கடவுளே. புரோகிராமிலும் கோப்பின் பெயரை மட்டும்தானே எழுதியிருக்கிறாள்? உட்கார்ந்ததும் தன் ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு ஓட்டுவது அவள் பழக்கம். கோப்பு காலடியிலேயே கிடைத்துவிடும். சர்வீஸ் மேனேஜர் வேறு ஏதோ வாசலில் நின்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கோப்பின் முழு முகவரியையும் எழுதினாள். சர்வரை அணைத்து மறுபடி போட்டாள். பழக்கதோஷத்தில் விரல் கீபோர்டுக்குப் போக, கைகளைக் கட்டிக்கொண்டாள். சூடு ஏறினால் செய்தி போகிறதா என்று பார்க்க, குளிர் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க ஒரு நர்ஸிடம் சொல்லியிருந்தாள். நர்ஸின் குரல் வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மெசேஜ் வந்துருச்சுக்கா. கிளம்புங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மாவை அழைத்தாள்.

"வந்துட்டே இருக்கேம்மா. இங்க இனிமே நான் இல்லாமலே ஓடும்."

"எனக்கு அப்படி இல்லடி," என்றாள் அம்மா. "சீக்கிரம் வா."