குழாய்க்குள் பயப்படாதவர்

"…அந்தக் குழாய்க்குள்ள கெடந்தப்போ ஒரு பயமும் இல்ல அண்ணாச்சி. வெளிய வந்து இத்தன முகத்தப் பாத்த பொறவுதான் நெஞ்சு கெடந்து அடிக்கி," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர். மச்சானைத் தலை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். இவர் முட்டம் கடற்கரையில் வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். தோள் இரண்டும் கதவு அகலம். யாராவது ஏறிட்டுப் பார்த்தால் உடனே மணிக்கட்டைத் திருப்பி மணி பார்ப்பார். கையில் கடிகாரமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயம். பெண்ணைப் பெற்றவர் சபையில் எழுந்து, "எம் மகளத் தாறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்கள் குடும்பத்தில் அது நிச்சயம். இவருக்கோ நாலு பேர் பார்த்தால் நாக்கு எழாது. தலைக்குள் ஏதோ கோளாறு என்று ஸ்கேன் எடுக்க வந்துவிட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு சீக்கும் இல்லையாம். பயப்படுத எடம் மூளையில ஆளுக்கு ஆளு கொஞ்சம் மாறியிருக்குமாம், மூக்கு மாதிரி. சீக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தம்பியச் சொல்ல வச்சிட்டுத் தப்பிச்சிருப்பேன். இப்ப மாட்டிக்கிட்டேனே!"

"கடல்ல கூவுத ஆளுதானவே நீரு?"

"கடலு நம்ம மூஞ்சியப் பாக்காதுல்லா?"

அப்போது கவுன்டர் பெண், ஸ்கேன் படத்தை வாங்கிக்கொள்ள அவர் பெயரைக் கூப்பிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

"நீங்க போய் வாங்குவியளா?" என்று என் சட்டையைப் பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமையும் நானா வரணும்?" என்றேன்.

வெறுங்கையில் மணி பார்த்தார். எழுந்தார். "நான்தான்" என்றார், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அவர் உட்காரவில்லை.