வால்வு மோட்டரின் கைப்பிடி

என் மேசையில் ஓர் இரும்புக் கைப்பிடி கிடக்கிறது. ஒரு முழம்கூட இராது. கை பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. பக்கத்தில் ஒரு கடிதம். காலஞ்சென்ற எஞ்சினியர் ஐயாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, அவருக்குக் கீழே வேலை செய்த நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். அப்பாவின் நேர்மையைப் பற்றி எழுதச் சொல்லி மகன் கேட்டிருக்கிறார். வாசித்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. தென்மராட்சியில் எங்கள் நீரேற்று நிலையம் ஜெனரேற்றரில்தான் ஓடியது. நான் பம்ப் இயக்குபவன். மின்வேலை முழுவதும் போர்மன் அண்ணையின் பொறுப்பு. உயரத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து இறங்கும் பெரிய குழாயின் வால்வைத் திருப்ப, அதன் தலையில் ஒரு மோட்டர்ப் பெட்டி இருந்தது. கால் வட்டம் சுற்றினால் திறக்கும், திரும்பச் சுற்றினால் மூடும். உள்ளே இரண்டு சிறிய சுவிச்சுகள். முழுதாகத் திறந்ததும் ஒன்று மோட்டரை நிறுத்தும், முழுதாக மூடியதும் மற்றது நிறுத்தும். மாதம் ஒருமுறை அண்ணை மூடியைக் கழற்றி, கிறீஸ் பூசி, அந்தச் சுவிச்சுகளின் திருகாணிகளை மயிரிழை அளவுக்குத் திருப்பிச் சரிபார்ப்பார். அந்த நேரம் அவருடன் யாரும் கதைக்கக் கூடாது.

ஜெனரேற்றரைக் கழற்றிப் பூட்டினால் அவருக்கு ஒரு விதி இருந்தது. வயர் இரண்டு இடம் மாறினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். திறக்கச் சொன்னால் மூடும்; திறப்பதை நிறுத்தும் சுவிச்சுக்கு மூடுவது தெரியாததால் அதுவும் தடுக்காது. அதனால் முதலில் பெட்டியில் இந்தக் கைப்பிடியைப் போட்டு, கையால் திருப்பி வால்வைப் பாதியில் வைப்பார். பிறகு பொத்தானைக் கண் இமைக்கும் நேரம் தொட்டு, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பார். பத்து நிமிட வேலை.

அன்று காலை திருத்திய ஜெனரேற்றரைப் பூட்டியிருந்தோம். இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் புதுக் குழாய் திறக்கும் நாள். எஞ்சினியர் ஐயா வெள்ளைச் சட்டையோடு நாலு விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, பத்து நிமிசம் பொறுங்கோ. பாதியிலை வைச்சுப் பாத்திட்டுத்தான் பொத்தானை அமத்தோணும்," என்றார் அண்ணை.

"உம்மடை பூசையை நாளைக்குச் செய்யும். ஆக்கள் நிக்கினம்," என்று சொல்லிவிட்டு ஐயாவே பொத்தானை அழுத்தினார்.

வயர் இடம் மாறித்தான் இருந்தது; ஏற்கெனவே மூடியிருந்த வால்வை மோட்டர் இன்னும் மூடத் தள்ளியது. ஓர் உறுமல், பல்லுச்சக்கரம் நொறுங்கும் சத்தம், பிறகு புகை. ஐயா விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "உவன் சுவிச்சைப் பிழையாய்த் திருப்பி வைச்சிருக்கிறான்," என்றார். நாக்குக் கூசாமல் சொன்னார்.

அண்ணை பெட்டியையே கழற்றி வைத்துவிட்டு, குழாய் திருப்பும் பைப் றெஞ்ச் போட்டு, வால்வின் தண்டைக் கையால் திருப்பினார். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் போனது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஐயா சிரித்துக்கொண்டு தலையசைத்தார்.

அண்ணையின் கவனக்குறைவு என்றுதான் அறிக்கை எழுதினார் ஐயா. சாட்சிக்கு என் கையெழுத்தைக் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் வைத்தேன். அந்த ஒரு தாளோடு அண்ணையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகிற அன்று என்னிடம் வந்தார்.

"நீயும் வைச்சனியோ?"

"ஓம் அண்ணை."

"இந்தா, இதைக் கவனமாய் வைச்சிரு. புதுப் பெட்டி வந்தால் தேவைப்படும்," என்று கைப்பிடியைத் தந்தார். கன்னத்தில் ஒன்று தந்திருக்கலாம்.

அதன் பிறகு சந்தையடியில் சைக்கிள் டைனமோவில் றேடியோ பாடச் செய்து கொடுத்துச் சீவித்தார். கவனக்குறைவுக்காரன் என்று சொல்லி யாரும் அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவர், அங்கே மலேரியாவில் செத்ததாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு மலர் அடிக்க ஆளில்லை.

தம்பி, நீங்கள் கேட்ட பக்கம் இதுதான். அன்று பொய்க்குக் கையெழுத்து வைத்தவன்தான் இதன் கீழும் வைத்திருக்கிறேன். படம் ஒன்றும் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். ஐயாவோடு நான் நிற்கும் படம் என்னிடம் இல்லை. இந்தக் கைப்பிடியைப் படம் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். மலரில் போடுங்கள், பார்ப்போம்.