போட்டுக்கு வாங்கப் போன பேப்பர்

எனக்கு எழுபத்துநாலு வயதாகிறது. நாலு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஒருத்தரையும் பட்டினி போட்டதில்லை, ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை. என் பேரை எழுதத் தெரியும், பஸ் நம்பர் தெரியும். அதற்குமேல் எனக்குத் தேவைப்படவில்லை.

உன் பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பெரியவர்களின் சிறுவயது நினைவு ஒன்றை எழுதி வரச் சொன்னார்களாம். என் சிறுவயதில் எழுதும்படி என்ன இருக்கிறது? கூடை தூக்கினேன், பெரியவளாகிவிட்டேன். அதனால் உன் அம்மாவின் சிறுவயதைச் சொல்கிறேன். அவள் உள்ளே பாத்திரம் கழுவுகிறாள், கழுவட்டும். நான் சொல்வதை அப்படியே எழுது. பாதியில் பேனாவைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடக்கூடாது.

அப்போது நாம் இந்த ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வரவில்லை. செல்போன் எல்லாம் பணக்காரர் கையில் மட்டும் இருந்த காலம். திருவொற்றியூரில் கடலோரக் குப்பத்தில் இருந்தோம். அலை வீட்டுக்குள் வராமலிருக்கக் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பைபர் போட்டு, மீன்பிடிப் படகு, கவிழ்ந்து கிடந்தது. நாலு வருஷமாக அதை யாரும் கடலில் இறக்கவில்லை. நாய் அதன் அடியில் குட்டி போடும். உன் அம்மா அதன் முதுகில் ஏறிச் சறுக்குவாள். அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வருமுன் போட்டுக்குத்தான் போவாள்.

உன் தாத்தா அடுத்தவர் போட்டில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். மீனில் கடைசிப் பங்கு, திட்டு வாங்குவதில் முதல் பங்கு. சொந்தமாக ஒரு போட்டு என்பது அவர் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட ஆசை. ஒருநாள் அந்த போட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு விரிசலை அடைத்தார். அப்புறம் நீலச் சாயம் பூசினார். உன் அம்மா டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். முகமெல்லாம் நீலம்.

சாயம் பூசினால் போதுமா? நம்பர் இல்லாத போட்டை ரோந்துக்காரர்கள் ஹார்பர் பக்கம் பார்த்தால் இழுத்துப் போய்க் கட்டிவிடுவார்கள். நம்பர் வேண்டுமானால் பேப்பர் வேண்டும். ராயபுரத்தில் மீன்துறை ஆபீசுக்குப் போனோம். ஆபீசர்கள் எதிரில் உன் தாத்தாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் நானும் போனேன்.

அந்த ஆபீசர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார்.

“கேக்க ஆளில்லாம கிடந்தா நம்மளுதுன்னு ஆயிடாதும்மா. சொந்தக்காரர் கையெழுத்து போட்டுக் குடுக்கணும். அவர் எங்க இருக்கார்னு தெரியலைன்னா ஊர்த் தலைவர் லெட்டர் வேணும், போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு சர்டிபிகேட் வேணும், பேப்பர்ல விளம்பரம் போடணும். அந்த ஆள் தெலுங்குன்னு சொல்றீங்க. தெலுங்கு பேப்பர்லயும் போட்டுடுங்க. ஒரு மாசத்துல யாரும் வரலைன்னா உங்க பேர்ல எழுதலாம்.”

உன் தாத்தா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தெலுங்கு பேப்பர் என்றதுதான் எனக்குக் காதில் நின்றது. பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்.

“அவன் வந்தா?”

“வந்தா இன்னாமே? அவன் போட்டு, எடுத்துகினு போவட்டும். சாயம் பூசினதுதான் நஷ்டம்.”

“அவன் போட்டை மட்டுமாய்யா உட்டுட்டுப் போனான்?”

உன் தாத்தா வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டார்.

இங்கேதான் நீ பேனாவை நிறுத்துவாய். நிறுத்தாதே. நான் பெற்றது மூன்று. நாலாவதாக வளர்ந்தவள் உன் அம்மா. அந்த போட்டுக்காரன் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு பிழைக்க வந்தவன். பெண்டாட்டி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. ‘ஊருக்குப் போய் எங்கம்மாவை இட்டாறேன்க்கா, ரெண்டு நாள் பாத்துக்கோ’ என்று என் மடியில் போட்டுவிட்டு ரயில் ஏறினான். வரவேயில்லை. பிள்ளை என்னை அம்மா என்றது, உன் தாத்தாவை நைனா என்றது. பள்ளிக்கூடத்தில் எங்கள் பேரைச் சொன்னோம், டீச்சர் எழுதிக்கொண்டார். குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் காதில் போட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

விளம்பரம் வந்துவிட்டது. அந்த மாசம் நான் மார்க்கெட்டில் உட்காரவில்லை, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மீன் கூடையை இறக்கினேன். நெல்லூர் வழியில் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வண்டி வந்தால் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். யாராவது தெலுங்கு பேசினால் மீன் வெட்டுகிற கத்தி நின்றுவிடும். சங்கரா மீன் கேட்டவளுக்குக் காரப்பொடி மீனை அள்ளிப் போட்டேன். “இன்னாக்கா, கண்ணு எங்க கீது? காலைலயே ஊத்திகினியா?” என்று கத்தினாள். திருப்பித் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். “மா, போட்டுக்குப் பேப்பர் வந்துச்சா?” அவளுடைய பேரைத்தான் போட்டில் எழுதுவேன் என்று உன் தாத்தா சொல்லி வைத்திருந்தார். பேப்பர் சீக்கிரம் வரவேண்டும் என்று அவள் எல்லையம்மனைக் கும்பிட்டாள். நானும் பக்கத்திலேயே நின்று கும்பிட்டேன். நான் என்ன கேட்டேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

மாசம் முடிய இருந்தது. மத்தியானம் கூடையோடு திரும்புகிறேன், போட்டுப் பக்கத்தில் ஒருத்தன் நிற்கிறான். மெலிந்திருந்தான், ஆனாலும் அந்த போட்டுக்காரன்தான் என்று தெரிந்துவிட்டது. உன் அம்மா போட்டின் முதுகில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“இது எங்க போட்டு. தொடாதே, சாயம் ஒட்டிக்கும். நீ யாரு?”

“சும்மா வந்தேன் பாப்பா. உன் பேரு இன்னா?”

சொன்னாள். அது நாங்கள் வைத்த பேர். “நல்ல பேரு” என்றான். அவ்வளவுதான். நான் அவளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஆறு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கினால் வெட்கப்படுவாள். உதைத்தாள். விடவில்லை.

சாயங்காலம் வலை பின்னுகிற கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். பையன்கள் எகிறினார்கள். “நாலு வருஷம் நாங்க காவல் காத்தோம், நீ சோக்கா வந்து ஏறிகினு போவியா துரை?” என்றான் ஒருத்தன். குப்பத்துத் தலைவர் கையமர்த்திவிட்டு, இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். ஊரில் வேறு கல்யாணமாகிவிட்டது, அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளை, தொழிலுக்கு போட்டு இல்லை.

“மொதல்ல போட்டு எடுத்துகினு போறேன் தலைவரே. அப்பாலே…”

அவன் கண் வெளியே போனது. அங்கே கல்மேல் இவள் நண்டு துரத்திக்கொண்டிருந்தாள்.

அந்த ‘அப்பாலே’க்கு அடுத்தது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் தாத்தாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாலு வருஷக் காவலுக்கு ஈடு கேட்டால் ஊர் எங்கள் பக்கம்தான் நின்றிருக்கும். பேரம் பேசினால் போட்டேகூடக் கிடைத்திருக்கும். ஆனால் பேச்சு வளர்ந்தால் அது எங்கே போய் நிற்கும்? நான் எழுந்தேன். ஆம்பிளைகள் கூடிய இடத்தில் பொம்பளை எழுந்தால் முணுமுணுப்பார்கள், முணுமுணுத்தார்கள்.

“போட்டு அவருதுதான். நாங்க ஒண்ணும் கேக்கல. இப்பவே எடுத்துகினு போவட்டும். ஆனா எழுதிக் குடுத்துட்டுப் போவணும்.”

“இன்னான்னு எழுதணும்?” என்றார் தலைவர்.

“இந்தக் குப்பத்துல உட்டுட்டுப் போனதுல எனக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக்கினேன். மீதி எதுமேலயும் இனிமே எனக்குப் பாத்தியதை இல்ல. அப்டின்னு.”

தலைவர் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எழுதி, உரக்கப் படித்தார். அந்த ஆள் பேனாவை வாங்கினான். காகிதத்தில் வைத்தான். எழுதவில்லை.

“மீதின்னா?” என்றான்.

“மீதின்னா மீதிதான்” என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்து வெளியே இவள் கத்தினாள். “நைனா! இங்க பாரு, எம்மாம் பெரிய நண்டு!” உன் தாத்தா “தோ வரேன் கண்ணு” என்று எழுந்து போனார். அந்த ஆள் அவர் போவதையே பார்த்தான். தெலுங்கில் கையெழுத்துப் போட்டான்.

விடிந்ததும் போட்டைத் தள்ளினார்கள். உன் தாத்தாவும் ஒரு கை பிடித்துத் தள்ளினார். இவள் ஈர மணலில் ஓடினாள். “அது எங்க நைனா போட்டு! எடுத்துகினு போவாதே!” என்று அழுதாள். அவன் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். இவள் என்மேல் மணலை வாரி அடித்தாள். “நீதான் குடுத்துட்டே! நீதான்!”

அன்றைக்கு உன் தாத்தா இறால் வாங்கி வந்தார். நான் தொக்கு வைத்தேன். எதற்கென்று இல்லாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். இவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அந்தக் காகிதத்தை ராயபுரம் கொண்டுபோய் ஆபீசரிடம் நீட்டினேன். “போட்டுதான் போயிடுச்சேம்மா, இதுக்கு எதுக்கு சீல்?” என்றார். “இருக்கட்டும் சார், குத்துங்க” என்றேன். குத்தினார். ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். உன் தாத்தா கடைசிவரை அடுத்தவர் போட்டில்தான் போனார். ‘நான் இருக்கிற வரிக்கும் சொல்லாதமே’ என்றார். போன தையில் அவரும் போய்விட்டார்.

இன்றைக்கும் கோபம் வந்தால் உன் அம்மா சொல்லிக்காட்டுவாள், கேட்டிருப்பாய்: “சொந்த போட்டைத் தூக்கிக் குடுத்துட்டு சிரிச்ச ஜனங்க நீங்க.” எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

எழுதிவிட்டாயா? முதலிலிருந்து படி. மெதுவாகப் படிக்காதே, உள்ளே கேட்கும்படி படி. அவளிடம் குழாயை நிறுத்தச் சொல்லலாம் என்று பார்த்தேன், அது எப்போதோ நின்றிருக்கிறது. நீ படி கண்ணு.