நான்கு பற்றரிக்கு எத்தனை சொந்தக்காரர்

காலை ஏழு இருபதுக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. அதுவரை வாப்பாவும் நானும் ஒரே சைக்கிளில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தோம். எட்டு மணிக்குப் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. நாங்கள் வடக்கிலிருந்து கரைத்தீவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

என் மடியில் உரப்பையில் சுற்றிய ஒரு பலகை. அதில் நான்கு டோர்ச் பற்றரிகளைக் கறுப்புத் தேப்பால் வரிந்து கட்டியிருந்தேன். இரண்டு வயர், ஒரு சுவிச், ஒரு குட்டி பல்ப். கீழே மட்டையில் கணக்கு: ஆறு வோல்ற்றை 0.3 அம்பியரால் வகுத்தால் தடை இருபது ஓம். பெருக்கினால் வலு 1.8 வாற்று. யுத்த காலத்தில் அதைப் பொதிசெய்து சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுபோகக் கூடாதென்பது பதின்மூன்று வயதில் எனக்குத் தோன்றவில்லை. உரப்பையும் என் யோசனைதான். உப்புக் காற்றில் வயர் கறுத்துவிடுமாம். வாப்பா அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

சோதனைச்சாவடியில் சிப்பாய்தான் பிரித்தான். சட்டென்று இரண்டடி பின்னால் போனான்.

"இது யார்ட?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"என்டது மாத்தயா," என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொன்னார் வாப்பா. "நான்தான் கட்டினேன். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வகுப்பில் முதலாவதாக வந்தால் 'என்ட மூளை' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர் அவர். இதையுமா?

"பொய்! நான் செஞ்சது. வாப்பா, அப்ப சொல்லுங்க பாப்பம், ஆறு வோல்ற், தசம் மூண்டு அம்பியர். தடை எவ்வளவு?"

வாப்பாவின் உதடு அசைந்தது. "பதினெட்டு."

"பாத்தீங்களா மாத்தயா? பெருக்கியிருக்கிறார், அதையும் பிழையா! வகுக்கோணும். இருவது!"

"வாயப் பொத்து, மகள்."

நிரூபித்துவிடலாமென்று நான் சுவிச்சுக்குக் கை நீட்டினேன். யாரோ கத்தினார்கள். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. வாப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. இப்போது என் மகன் பாடசாலைக்கு வயர் கேட்டால், கடைக்குப் போகுமுன் மூன்று முறை காரணம் கேட்கிறேன். "உம்மாக்கு விசர்" என்கிறான்.

வாப்பாவை மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் குந்த வைத்தார்கள். அவருடைய அடையாள அட்டையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வடக்கின் விலாசம். அது கைக்குக் கை மாறியது. அவரை இராணுவ முகாமுக்கு ஏற்றிப்போக ஜீப் வருகிறதென்றான் தமிழ் தெரிந்த ஒருவன். கேட்கும்போதெல்லாம் வாப்பா "என்டதுதான்" என்றே சொன்னார். எட்டு அடித்தது, ஒன்பது அடித்தது. இவ்வளவு நேரமும் விட்டுக்கொடுக்காத மனிதரை நான் கண்டதில்லை. நான் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

ஜீப் வந்து நின்ற பிறகுதான், பத்தே முக்காலுக்கு, என்னைத் தேடி விஞ்ஞான டீச்சர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அதிகாரியிடம் போனார். இப்போதாவது உண்மை வெளிவரும் என்று நானும் ஓடினேன். அதிகாரி பலகையைக் காட்டி யாருடையது என்று கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்க்கவேயில்லை. தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சிங்களத்தில் ஒருமுறையும், வாப்பாவுக்குக் கேட்கத் தமிழில் ஒருமுறையும் சொன்னார்:

"இது என்டது."