தேத்தண்ணி நிறத்துக் கடல்

எனக்கு இருபத்தொரு வயது நிறைகிற மாதத்தில், கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகை என்னைப் பிழை திருத்தும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். போகலாமா கூடாதா என்பதை அப்பா சொல்ல வேண்டும். "பொறந்தநாள் முடியட்டும், சொல்றேன்" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அம்மாவின் பதிலை யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பெண் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டின் கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் உப்பு வாங்கி வருவதே அவருக்குப் பிடிக்காது.

நான் ரிங்லெட்டைத் தாண்டி வெகுதூரம் போய்வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கோலாலம்பூர் இல்லை. அந்த மாதம் முழுக்க என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

தனியாகப் போவது பள்ளிக்கூட நாட்களிலேயே தொடங்கிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் தொலைந்துபோக முடியாது. எந்தப் பாதையில் இறங்கினாலும் அது தொழிற்சாலைக்கோ தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கோ கொண்டுவந்து விட்டுவிடும். அதனால் திரும்பிக் கொண்டுவந்து விடாத பாதைகளைத் தேடினேன். முதலில் அணைக்கட்டுக்குக் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு. பள்ளி விட்டு ஒரு மதியம் நடந்தே இறங்கினேன். கோழி எருவின் நாற்றம், சரிவெல்லாம் கோசு, என்னைப் பார்த்துக் குரைக்கக்கூடச் சோம்பல்பட்ட ஒரு நாய். அவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் திரும்பி ஏறும்போதே அடுத்தது எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, கணக்கெழுதும் கிராணிக்கு உதவியாகத் தோட்டத்து ஆபீசில் தட்டச்சு செய்யத் தொடங்கிய பிறகு, மலையின் மறுகோடியில் இருக்கும் திரிங்காப் என்ற ஊருக்குப் போனேன். பிரிஞ்சாங் வரை பஸ். அங்கிருந்து காய்கறி ஏற்றப் போகும் ஒரு லோரியின் முன்சீட்டு. சீன டிரைவர் பாதி வழி வரை பேசவில்லை. பிறகு மலாயில், தனியாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாரைப் பார்க்க என்றார். யாரையும் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மீதி வழியும் பேசவில்லை.

சந்தோஷத்துக்காகப் போனேன் என்று சொல்ல முடியாது. அரிப்பு என்பது பொருத்தமான சொல். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். "கால ஆட்டாத, குடும்பத்துக்கு ஆகாது" என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பார். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு ஆடும்.

பிறந்தநாளுக்குச் சில வாரங்களுக்கு முன் ஈப்போவில் தட்டச்சுப் பரீட்சை. அப்பாவின் தங்கை, என் அத்தை, அங்கே இருந்தார். அவர் வீட்டில் தங்கிக்கொள்ள ஏற்பாடு. பரீட்சை சனிக்கிழமை ஒரு நாள்தான். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று அத்தையிடமும் வீட்டிலும் சொல்லியிருந்தேன். ஞாயிறு காலை அத்தை கட்டிக்கொடுத்த இட்லியோடு பஸ் நிலையம் போய், லூமுட் பஸ்ஸில் ஏறினேன். கடல் பார்க்க வேண்டும். அதற்கு மேல் திட்டம் எதுவும் இல்லை.

*

பிறந்தநாள் விழாவுக்கு 'தீம்' வைக்கிற பழக்கம் எங்கள் லைனுக்குத் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பங்களா சமையல்காரர். எங்கள் அடுத்த வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை. எழுபதுகளில் துரையின் மகனுக்குப் பிறந்தநாள் வந்தால், அடுத்த நாள் அண்ணன் எங்கள் வாசலில் நின்று செய்தி வாசிப்பார். இந்த வருஷம் கௌபாய். எல்லாப் பிள்ளைகளும் தொப்பி, துப்பாக்கி. கேக்கே குதிரை மாதிரி. குதிரையின் தலையை யார் தின்றது என்பது வரை சொல்வார்.

பிறகு லைனிலும் தொடங்கியது. ஒரு வீட்டில் ராஜா ராணி. இன்னொரு வீட்டில் எல்லாரும் மஞ்சள் உடை, மஞ்சள் கேசரி. பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தீம் இல்லாத வீட்டைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள்.

என் பிறந்தநாளுக்கான தீமை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் துரை மகனுக்குக் 'கடல்' தீம் நடந்திருந்தது. நீலக் காகிதச் சுருள்கள் மிச்சம்.

"தங்கச்சி, ஒனக்கு கடல்தான்" என்றார் அண்ணன். "காகிதம் ஓசி. மீன் மட்டும் நாம வெட்டணும்."

"வேற ஏதாச்சும் வைக்கலாமேண்ணே."

"எதுக்கு? கடல் ஒன்ன என்னா பண்ணுச்சு?"

நான் கத்தரியை எடுத்து மீன் வெட்ட உட்கார்ந்தேன்.

அப்பாவுக்குத் தீமில் அக்கறை இல்லை. சாவியில்தான் அக்கறை. எங்கள் நாட்டில் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குப் பெரிய சாவி ஒன்று செய்து, தகப்பன் கையால் கொடுப்பார்கள். இனி இந்தப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு வரலாம், போகலாம் என்று அர்த்தம். எங்கள் லைனில் ஆண்பிள்ளைகளுக்குத்தான் அந்த அர்த்தம். பெண்பிள்ளைகளுக்குச் சாவி வெறும் புகைப்படத்துக்கு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் தேயிலையைப் பெட்டியில் அடைக்கும் பகுதியில் வேலை. உடைந்த பெட்டியின் பலகையில் சாவியை அறுத்து, பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை அதன் மேல் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியிருந்தார். கிட்டத்தில் போனால் தேயிலை வாசனை அடித்தது.

*

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து தோட்டத்து மண்டபத்தில் விழா. கடற்கரைக்குப் போகிற மாதிரி வர வேண்டும் என்று அண்ணன் வீடுவீடாகச் சொல்லியிருந்தார். பையன்கள் அரைக்கால் சட்டையும் ஓலைத் தொப்பியுமாக வந்தார்கள். மேலே கம்பளிச் சட்டை. நான்கு மணிக்கே மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. அப்பா தன் ஸ்வெட்டரில் ஒரு காகித மீனைக் குத்திக்கொண்டிருந்தார். அம்மா குத்திக்கொள்ள மறுத்துவிட்டார். ஈப்போவிலிருந்து அத்தை வந்திருந்தார், கையில் அரிசிச் சேமியா மீகூன் தட்டோடு. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஒரு பெரியவரைப் பையன்கள் பிடித்துக்கொண்டு, கடல் எப்படி இருக்கும் தாத்தா என்று கேட்டார்கள்.

"எனக்கு என்னாடா தெரியும்? ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் வாந்தி. வாளியத்தான் பாத்தேன்."

மேடைக்குப் பின்னால் அண்ணன் ஒரு போர்வையில் கடல் வரைந்து தொங்கவிட்டிருந்தார். நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்தது. பளிச்சென்ற நீலம், கரையில் வெள்ளை நுரை, தென்னை. நல்ல உழைப்பு.

"எப்புடி?" என்றார், பிரஷ்ஷை இன்னும் கையில் வைத்துக்கொண்டு. "பங்களாவுல வெச்சதவிட நல்லா இருக்கு, இல்ல?"

"நல்லா இருக்குண்ணே. ஆனா கரையோரம் இவ்ளோ நீலமா இருக்காது. தேத்தண்ணியில பால் ஊத்துன மாதிரி இருக்கும். தூரத்துலதான் கொஞ்சம் பச்ச. அப்புறம் நாத்தம் அடிக்கும், கருவாட்டு நாத்தம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. பிழையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. பின்னாளில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

"அடேயப்பா, கப்பல்காரி!" என்றார் அண்ணன். "நீ எப்ப பாத்த?"

அம்மா உடனே சொன்னார்: "சினிமாவுல பாத்துருப்பா."

அது எனக்காகத் திறந்த கதவு. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அதற்குள் அண்ணன், வேடிக்கையாகத்தான், சொன்னார்: "சினிமாவுல நாத்தம் அடிக்குமா லா?"

பையன்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மீகூன் தட்டை நாற்காலியில் வைத்தார்.

"அந்த ஞாயித்துக்கிழம," என்றார் மெதுவாக. "பரீட்சைக்குப் போயிட்டு வந்தப்ப ஒன் செருப்பெல்லாம் மணலு. நான் கேட்டேன். பள்ளிக்கூடத் தெடல்னு சொன்ன."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சாவியின் ஈயத்தாளைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

யாரும் சத்தம் போடவில்லை. கேக் வெட்டினேன். எல்லாரும் பாடினார்கள். சாவி கொடுக்கும் நேரம் வந்தது. கிராணி கேமராவோடு முன்னால் வந்தார். அப்பா சாவியை நீட்டினார், நான் பிடித்தேன், அவர் விடவில்லை. கிராணி, "சிரிங்க" என்றார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஒரு தகப்பன் மகளுக்குச் சாவி கொடுக்கிற மாதிரி தெரியும். இரண்டு பேரின் விரல்நுனிகளும் வெளுத்திருப்பதை நான் சொன்னால்தான் கவனிப்பார்கள்.

*

மறுநாள் காலை மண்டபத்தைச் சுத்தம் செய்ய நாங்கள் மூவர் மட்டும் போனோம். அப்பா ஏணியில் ஏறி நீலக் காகிதத்தை அவிழ்த்தார். கீழே நின்று நான் சுருட்டினேன். அம்மா கூட்டினார்.

"எந்த பஸ்ஸு?" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

"ஈப்போவுலேருந்து லூமுட் பஸ்."

"கூட யாரு?"

"யாரும் இல்லப்பா."

"பக்கத்துல யாரு ஒக்காந்தா?"

"ஒரு மலாய்க்கார அம்மா. மடியில கோழி."

"சாப்ட்டியா?"

"அத்த குடுத்த இட்லி."

"எவ்ளோ நேரம் இருந்த?"

"கொஞ்ச நேரந்தான். படகுத்துறையில நின்னேன், மணல்ல நடந்தேன். அப்புறம் நிக்க முடியல. பாத்தாச்சு, அவ்ளோதான்னு இருந்துச்சு."

அவர் முதல் முறையாகத் திரும்பிக் கீழே பார்த்தார். "அதுக்கா இவ்ளோ பொய்யி?"

பின்னாளில் நிருபராகி, இத்தனை வருஷம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைத்த பிறகும், அந்தக் கேள்விக்கு அச்சில் போடக்கூடிய பதில் கிடைக்கவில்லை.

"கேளுங்க, நல்லா கேளுங்க" என்றார் அம்மா விளக்குமாற்றை ஊன்றி. "ஒருத்தன் இழுத்துட்டுப் போயிருந்தா? கேக்க நாதி உண்டா? இவள கோலாலம்பூருக்கு அனுப்பப் போறீங்களாம்."

"வேற எங்கெங்க போன?" என்றார் அப்பா. "ஒன்னு விடாம சொல்லு."

சொன்னேன். லெம்பா பெர்த்தாம். திரிங்காப். மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு மூன்று முறை, கிராணி அனுப்பினார் என்று சொல்லி. ஒவ்வொன்றுக்கும் அம்மா "ஐயோ" என்றார். அப்பா இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"திரிங்காப்ல என்னா இருக்கு?"

"கோசு."

"அது இங்கயே கெடக்கே லா."

"ஆமாப்பா."

அவர் முகம் சிரிப்பு வரை போய்த் திரும்பியது. கொஞ்ச நேரம் கையிலிருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"போவாதன்னு சொன்னா நீ பொய் சொல்லிட்டுப் போவ. எங்க கெடக்குறன்னு எனக்குத் தெரியாது. வேலைக்குப் போனா, இன்ன எடத்துல இருக்கன்னாச்சும் தெரியும்."

"அப்ப பொய் சொன்னதுக்குப் பரிசா?" என்றார் அம்மா.

"பரிசு இல்ல. எனக்கு வேற வழி தெரியல." பிறகு என்னிடம்: "ஆனா நான் கொண்டு போயி விடுவேன். அந்த எடத்த என் கண்ணால பாக்கணும்."

அம்மா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. புறப்படும் நாளில் புளிச்சாதம் கட்டிக்கொடுத்தார். அப்போதும் பேசவில்லை.

*

தாப்பா வரை பஸ்ஸில் அப்பாவும் நானும் ஒரே சீட்டில். வளைவுகளில் அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எந்த வளைவுக்குப் பிறகு அருவி வரும் என்று தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தாப்பாவில் இறங்கியதும் கோலாலம்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று அவர் சுற்றிப் பார்த்தார். நான் நடந்தேன். அவர் பையோடு பின்னால் வந்தார்.

பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு என்று மலாயில் கத்தினார் கண்டக்டர். அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதில் போனால் அப்பா மறுநாள் வேலைக்குத் திரும்ப முடியாது. ஒரு நாள்தான் லீவு.

அவர் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு என்னை. நான் வாயைத் திறந்தால், தனியாகப் போய்விடுவேன் என்றுதான் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஏறு" என்றார்.

என்னோடு அவரும் ஏறினார். காலி இடம் நடைவழியோரத்துச் சீட்டு. அதை ஒட்டி ஜன்னலோரத்தில் ஒரு சீனப் பெண். அவரிடம் அப்பா தன் மலாயில், இது என் பிள்ளை, என் பிள்ளை என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் தலையசைத்தார். கண்டக்டர் அப்பாவை அவசரப்படுத்தி இறக்கினார்.

இறங்கியவர் பஸ்ஸின் தவறான பக்கத்துக்குப் போய்விட்டார். நான் இருந்த வரிசைக்கு எதிர்ப்பக்கம். ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். நான் எழுந்து, எதிர்வரிசையில் இருந்த ஆளின் மேல் சாய்ந்து கண்ணாடியைத் தட்டினேன். பஸ் நகர்ந்தது. அவர் கையை உயர்த்தினார். அதற்குள் நான் தட்டிய ஜன்னல் அவரைக் கடந்திருந்தது. அந்தக் கையசைப்பு எனக்குப் பின்னால் இருந்த யாருக்கோ போனது.

உட்காரச் சொல்லி கண்டக்டர் இரண்டு முறை வந்தார். அடுத்த ஊரான பீடோர் வரை நான் நின்றுகொண்டே போனேன்.